முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு கேக், கட்லெட், மக்ரூன்: முட்டைக்குப் பதில் எதைச் சேர்ப்பது?

நெல்லைச்சீமை

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு நான்கு வயது. முட்டை ஒவ்வாமை என்று பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. இப்போதைக்கு எந்த வடிவிலும் முட்டையே வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பால், தயிர், முந்திரி, பருப்பு வகை எல்லாம் ஒத்துக்கொள்கிறது.

எங்கள் வீட்டில் முட்டை போட்டுச் செய்வது முக்கியமாக மூன்று: பிறந்தநாள் கேக், மாலை நேரத்துக் கட்லெட், அப்புறம் மக்ரூன். வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி, அதனால் மக்ரூன் இல்லாமல் எந்த விசேஷமும் கிடையாது. குழந்தை அதைக் கேட்டு அழுகிறது.

இணையத்தில் தேடினால் எல்லா இடத்திலும் ஒரே பட்டியல். ஒரு முட்டைக்கு ஒரு ஸ்பூன் ஆளி விதை, ஒரு முட்டைக்கு அரை வாழைப்பழம், ஒரு முட்டைக்குக் கால் கப் தயிர். எந்தப் பதார்த்தத்துக்கு எது என்று யாரும் சொல்வதில்லை. கடையில் விற்கும் மாற்றுப் பொடி வேண்டாம், சமையலறையில் இருக்கும் பொருட்களை வைத்தே செய்ய ஆசை. செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

கோவை அடுப்படி

கேக்குக்குக் கண்டென்ஸ்டு மில்க்தான் சகோதரி, வேறு எதையும் தேட வேண்டாம். 400 கிராம் டின் ஒன்று, மைதா 250 கிராம், உருக்கிய வெண்ணெய் 100 கிராம், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், குடிக்கிற சோடா 200 மில்லி. சோடாவைக் கடைசியில் ஊற்றிக் கலந்து உடனே ஓவனில் வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் எல்லாப் பிறந்தநாளுக்கும் இதுதான்.

அடுமனைக்காரி

நான் வீட்டிலிருந்தே கேக் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன், பாதிக்கு மேல் முட்டை இல்லாதவைதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஒரு முட்டைக்கு இது ஒன்று" என்ற கணக்கில்தான் சிக்கலே தொடங்குகிறது. ஓடு நீக்கிய பெரிய முட்டை ஒன்று ஏறத்தாழ 50 கிராம். அதில் முக்கால் பங்கு தண்ணீர். புரதம் சுமார் 6 கிராம், கொழுப்பு சுமார் 5 கிராம். இந்த 50 கிராம் எல்லா இடத்திலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கட்லெட்டில் உதிராமல் ஒட்டிப் பிடிக்கிறது. ஸ்பாஞ்ச் கேக்கில் அடிக்கும்போது காற்றைப் பிடித்துவைத்து, சூடேறியதும் இறுகி, அந்தக் காற்றறைகளுக்குச் சுவராக நிற்கிறது. மயோனைஸில் மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் வைத்திருக்கிறது. பன் மேல் தடவினால் நிறமும் பளபளப்பும் தருகிறது. ஆக, செய்யப்போகும் பதார்த்தத்தில் முட்டை என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டு அந்த வேலைக்கு ஆள் தேட வேண்டும். எல்லா வேலையையும் செய்கிற ஒரே பொருள் உங்கள் அடுக்களையிலும் இல்லை, என் அடுக்களையிலும் இல்லை.

குறிப்பில் ஒன்றோ இரண்டோ முட்டை என்றால் மாற்றுவது எளிது. மூன்று, நான்கு என்று போனால் அந்தக் கேக்கே முட்டையை நம்பி நிற்கிறது என்று அர்த்தம். அதை மாற்ற மெனக்கெடாமல், ஆரம்பத்திலிருந்தே முட்டை இல்லாமல் எழுதப்பட்ட குறிப்பை எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஷிஃபான், ஏஞ்சல் கேக் பக்கம் போகவே வேண்டாம்.

பிறந்தநாள் கேக்குக்கு நான் நம்புவது தயிர். கண்டென்ஸ்டு மில்க் கேக்கும் நன்றாகத்தான் வரும், ஆனால் இனிப்பைக் குறைக்க வழியே கிடையாது, சர்க்கரை டின்னுக்குள்ளேயே இருக்கிறது. தயிர்க் கேக்குக்கு: மைதா ஒன்றரை கப், கெட்டித் தயிர் ஒரு கப், சர்க்கரை முக்கால் கப், எண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், வெனிலா ஒரு டீஸ்பூன். தயிரையும் சர்க்கரையையும் கரையும்வரை கலக்குங்கள். அதில் பேக்கிங் பவுடரையும் சோடாவையும் தூவிக் கலந்து ஐந்து நிமிடம் தொடாமல் வையுங்கள். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து கரியமில வாயு கிளம்பும், கலவை பாத்திரத்தில் மேலேறி வருவது கண்ணுக்கே தெரியும். ஏறவில்லை என்றால் சோடா பழசு, அந்தக் கலவையில் மாவைக் கொட்டி வீணாக்காதீர்கள். ஏறிய பிறகு எண்ணெய், வெனிலா, கடைசியில் சலித்த மைதாவை இரண்டு மூன்று தவணையாகச் சேர்த்து, மாவு தெரியாமல் போன நொடியே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கலக்கினால் மைதாவின் பசைப்புரதம் (குளூட்டன்) முறுகி கேக் ரப்பராகிவிடும். 180 டிகிரியில் 30 முதல் 40 நிமிடம்.

தினைமாவு

தயிர், சோடா, மைதா எல்லாம் எதற்கு? ஆளி விதை ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். ஒரு டேபிள்ஸ்பூன் பொடி, மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர், பத்து நிமிடம் ஊறினால் வெள்ளைக்கரு மாதிரியே கொழகொழவென்று ஆகிவிடும். ஒமேகா 3 வேறு கிடைக்கிறது. குழந்தைக்கு இதைவிட நல்லது என்ன இருக்கிறது?

அடுமனைக்காரி

தினைமாவு, அளவு நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அது சரிப்படாது. ஆளி விதையின் தோலில் உள்ள கொழகொழப்பு ஒட்டிப் பிடிக்கும், ஈரத்தையும் வைத்திருக்கும். காற்றைப் பிடிக்கும் வேலையில் அது ரொம்ப பலவீனம். வெள்ளை வெனிலா ஸ்பாஞ்சில் போட்டால் பழுப்புப் புள்ளிகளோடு, ஈரப் புல் வாடையோடு, அமுங்கிப் போன கேக்தான் கிடைக்கும். குழந்தை ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிடும்.

கோதுமை மாவு பிஸ்கட், நாட்டுச்சர்க்கரை குக்கீஸ், பிரவுனி, கேரட் மஃபின், இந்த மாதிரி நிறமும் மணமும் தானே தூக்கலாக உள்ளவற்றில் ஆளி விதை அருமை. வாங்கும்போது முழு விதையாக வாங்கி அவ்வப்போது பொடித்துக்கொள்ளுங்கள். பொடித்து வைத்தால் அதன் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை பிடித்துவிடும்.

வாழைப்பழமும் அப்படித்தான். கால் கப் மசித்த பழம் ஒரு முட்டைக்கு. ஈரப்பதமும் இனிப்பும் தரும், ஆனால் எதில் போட்டாலும் அது வாழைப்பழக் கேக்தான். நன்றாகக் கனிந்து தோல் கறுத்த பழம் வேண்டும். நேந்திரம் வேண்டாம், மாவுத்தன்மை அதிகம். மஞ்சள் பூசணியை ஆவியில் வேகவைத்து மசித்துச் சேர்த்தால் மணம் அடங்கி இருக்கும், நிறமும் முட்டை போட்ட மாதிரி வரும். எனக்கு வாழைப்பழத்தைவிடப் பூசணிதான் பிடிக்கும்.

விதைநெல்

இயற்கைப் பொருட்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சமையல் சோடா இயற்கையா? பேக்கிங் பவுடர் இயற்கையா? ரசாயனம்தானே?

அடுமனைக்காரி

நம் பாட்டிமார் ஆப்பத்துக்குப் போட்ட ஆப்பசோடாவும் சமையல் சோடாவும் ஒன்றேதான். அரை டீஸ்பூனில் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. கூடப் போட்டால் சோப்பு வாடையும் கசப்பும் வரும், அளவோடு போட்டால் போதும்.

பால், வெண்ணெய், முட்டை எதுவுமே இல்லாமல் அமெரிக்காவில் 1930களின் பொருளாதார மந்த காலத்தில் வீட்டுக்கு வீடு சுட்ட சாக்லேட் கேக் ஒன்று உண்டு. மைதா ஒன்றரை கப், சர்க்கரை ஒரு கப், கோகோ மூன்று டேபிள்ஸ்பூன், சோடா ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், எண்ணெய் ஆறு டேபிள்ஸ்பூன், வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன், வெனிலா, ஒரு கப் தண்ணீர். அவ்வளவுதான். பால் ஒவ்வாமையும் சேர்ந்து இருக்கும் குழந்தைகளுக்கு நான் இதைத்தான் செய்து கொடுக்கிறேன், யாரும் குறை சொன்னதில்லை.

பெங்களூர் தமிழச்சி

முட்டை இல்லாத கேக் என்பது ஏதோ புது நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். ஹாசன் பக்கத்திலிருந்து வந்த ஐயங்கார்கள் பெங்களூரில் பேக்கரி நடத்த ஆரம்பித்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. சர்க்கரைப் பாகில் ஊறி, மேலே ஜாமும் தேங்காய்த் துருவலும் போட்ட அவர்களுடைய ஹனி கேக்கைச் சாப்பிட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். இப்போது ஐயங்கார் பேக்கரி என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டுகிறார்கள், சிலர் முட்டையும் சேர்க்கிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

முத்துநகர்

கேக்கில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். மக்ரூனைப் பற்றி நான் பேசியே ஆக வேண்டும்.

எங்கள் ஊர் மக்ரூனில் மூன்றே பொருள்: முந்திரி, சர்க்கரை, வெள்ளைக்கரு. வெள்ளைக்கருவை அடித்து நுரைக்க வைத்து, முந்திரித் தூளைச் சேர்த்து, கூம்பு கூம்பாகத் தாளில் பிழிந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்து எடுப்போம். வாயில் போட்டால் மேல் ஓடு நொறுங்கி உள்ளே கரைய வேண்டும். அந்த ஓடும் கரைதலும் வெள்ளைக்கரு கொடுப்பவை. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் என்ன மிச்சம் இருக்கும்? முந்திரி பிஸ்கட் செய்து கொடுங்கள், குழந்தை சாப்பிடட்டும். அதை மக்ரூன் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

அடுமனைக்காரி

அண்ணா, உங்கள் ஆதங்கம் நியாயமானது. மக்ரூனில் முட்டைக்கு ஒட்டுகிற வேலை இல்லை, முழுக்க நுரை வேலைதான். அதனால்தான் ஆளி விதை, தயிர், பழம் எதுவும் அங்கே கிட்டவே வர முடியாது. ஆனால் நுரைக்கு ஒரு வழி இருக்கிறது: வெள்ளைக் கொண்டைக்கடலை வெந்த தண்ணீர்.

2014இல் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சு இசைக்கலைஞர் பயறு வகைகள் வெந்த தண்ணீர் வெள்ளைக்கரு போலவே நுரைக்கும் என்று கண்டு எழுதினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் மென்பொருள் பொறியாளர் கூஸ் வோல்ட், கொண்டைக்கடலைத் தண்ணீரையும் சர்க்கரையையும் மட்டுமே வைத்து மெராங் (நுரையைச் சுட்டுச் செய்யும் இனிப்பு) சுட்டுக் காட்டினார். அக்வாஃபாபா என்று அதற்குப் பெயரும் வைத்தார். குக்கரில் பருப்பு வேகும்போது விசில் வழியாகப் பொங்கி வழிகிற நுரை இருக்கிறதே, அதே சங்கதிதான். பயறிலிருந்து தண்ணீரில் இறங்கும் புரதமும் சபோனினும் நுரையைக் கிளப்புகின்றன, கூட இறங்கும் மாவுச்சத்து அதைக் கெட்டியாகப் பிடிக்கிறது.

நவராத்திரியில் சுண்டலுக்கு வடித்துக் கொட்டுகிறோமே, அந்தத் தண்ணீரே போதும். உப்புப் போடாமல் வேகவைக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. சுண்டலுக்கு உப்பைத் தாளிக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

செய்முறை இது. கடலையை இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி வேகவையுங்கள். வெந்த கடலையை அந்தத் தண்ணீரோடேயே ஆறவிட்டு ஃபிரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் வடித்தால் தண்ணீர் லேசாக வழவழப்பாக இருக்கும். நீர்த்து இருந்தால் அடுப்பில் வைத்துச் சுண்ட விடுங்கள். ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் வெள்ளைக்கரு மாதிரி இழுபட்டு விழ வேண்டும், அதுதான் பதம். கறுப்புக் கொண்டைக்கடலைத் தண்ணீரும் நுரைக்கும், ஆனால் நிறம் பழுப்பு, மணமும் தூக்கல். மக்ரூனுக்கு வெள்ளைதான்.

இந்தத் தண்ணீர் 100 மில்லி, பொடித்த சர்க்கரை 150 கிராம், முந்திரி 100 கிராம், எலுமிச்சைச் சாறு அரை டீஸ்பூன். பாத்திரத்திலும் பீட்டரிலும் துளி எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. குளிர்ந்த தண்ணீரையும் எலுமிச்சையையும் எலெக்ட்ரிக் பீட்டரால் அடியுங்கள். வெள்ளைக்கருவைவிட நேரம் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்று விட்டுவிட வேண்டாம், பத்து நிமிடம் வரைகூட ஆகும். அதிகமாக அடித்துவிட்டால் உடைந்துபோகுமோ என்ற கவலை இதில் இல்லை, அது ஒரு வசதி. மென்மையான முகடு நின்றதும் சர்க்கரையை ஸ்பூன் ஸ்பூனாகச் சேர்த்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வரும்வரை அடியுங்கள்.

இனிமேல்தான் கவனம். வெள்ளைக்கரு சூட்டில் இறுகினால் மறுபடி இளகாது, அதனால் நுரை அப்படியே நிலைத்துவிடும். கடலைத் தண்ணீர் ஏற்கெனவே வெந்தது, அது சூட்டில் அப்படி இறுகாது. அந்த நுரையைத் தாங்குவது சர்க்கரைதான், அதுவும் நன்றாகக் காய்ந்த பிறகுதான். ஆகவே இதைச் சுடுவதாக நினைக்காமல் உலர்த்துவதாக நினைத்துச் செய்யுங்கள். 100 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வைத்து, அணைத்த பிறகும் கதவைத் திறக்காமல் உள்ளேயே முழுக்க ஆறவிடுங்கள். 150 டிகிரியில் வைத்தால் பத்து நிமிடத்தில் உருகித் தட்டில் படர்ந்துவிடும்.

இன்னொரு எதிரி முந்திரியின் எண்ணெய். மிக்ஸியில் தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் கசிந்து தூள் விழுதாகிவிடும், அது பட்டதும் நுரை அமுங்கும். விட்டு விட்டு ஓட்டி, ரவைப் பதத்தில் எடுத்துச் சலித்து, கடைசியாகத் தூவி மடித்துச் சேர்த்து உடனே பிழிந்துவிடுங்கள்.

ஓடு நன்றாக நொறுங்கும். உள்ளே கரையும். முட்டை போட்டதைவிடச் சற்று உயரம் குறைவாகத்தான் நிற்கும், இனிப்பும் கொஞ்சம் முன்னால் தெரியும். கடலை வாடை காய்ந்த பிறகு போய்விடும்.

முத்துநகர்

முந்திரி பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் பக்கத்திலும் முந்திரியை நைசாக அரைக்க மாட்டார்கள். ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: முந்திரியை முதலில் நல்ல வெயிலில் காயவைத்துவிட்டு, முழுக்க ஆறியதும் பொடியுங்கள். சூடாக இருக்கும் முந்திரிதான் சீக்கிரம் எண்ணெய் விடும்.

கடற்கரை ஊரில் மழை நாளில் செய்ய வேண்டாம். சர்க்கரை காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். ஆறியதும் ஒரு நிமிடம்கூட வெளியே வைக்காமல் காற்றுப்புகாத டின்னில் போட்டு மூடுங்கள்.

முட்டை போட்டதுதான் எனக்கு மக்ரூன், அந்த எண்ணம் மாறாது. ஆனால் எங்கள் ஊர்க் குழந்தை அந்த ருசியே தெரியாமல் வளரக் கூடாது. செய்து கொடுங்கள்.

அம்மிக்கல்

நெல்லைச்சீமை, கட்லெட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. அது மூன்றிலும் சுலபம் மா.

மட்டன் கோலா உருண்டைக்கு நாம் பிடிமானத்துக்கு என்ன போடுகிறோம்? பொட்டுக்கடலை மாவு. வாழைப்பூக் கோலாவுக்கும் அதேதான். கட்லெட்டுக்கும் அதையே போடு. உருளைக்கிழங்கை வேகவைத்ததும் சூட்டோடு தோலுரித்து, ஆவி அடங்க விட்டு மசி, ஈரம் இருந்தால்தான் உதிரும். அப்படியும் தளர்வாக இருந்தால் அவலை அலசிப் பிழிந்து ஒரு கைப்பிடி சேர். மேலே முட்டையில் தோய்ப்பதற்குப் பதில் மைதாவும் சோளமாவும் சம அளவு எடுத்து, தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்து, அதில் தோய்த்து ரொட்டித் தூளில் புரட்டு. பொரிப்பதற்கு முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் தூள் எண்ணெயில் கொட்டாது.

இன்னொன்று. நுரை, நுரை என்று இவ்வளவு பேசுகிறீர்களே, நம் கிரைண்டரில் தினமும் நடப்பது என்ன? உளுந்தை ஊறவைத்துத் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைத்தால் பொங்கிப் பந்தாக வருகிறது. ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், மிதந்தால்தான் வடை மெத்தென்று வரும். அந்தக் காற்றை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? உளுந்தின் புரதமும் கொழகொழப்பும்தான். அது எண்ணெயிலும் ஆவியிலும் வெந்து இறுகி நிற்கவும் செய்கிறது. கேக்கில் போட்டால் பச்சை உளுந்து வாடை அடிக்கும், அங்கே வேண்டாம். ஆனால் முட்டை சேர்க்கச் சொல்லும் காரப் பஜ்ஜி மாவு, காய்கறிப் பான்கேக், காலிஃபிளவர் பொரியல் மாவு, பணியாரம், இவற்றில் ஒரு முட்டைக்குப் பதில் இரண்டு மூன்று ஸ்பூன் பொங்க அரைத்த உளுந்தைச் சேர்த்துப் பார். மொறுமொறுப்பும் வரும், உள்ளே லேசாகவும் இருக்கும்.

அடுமனைக்காரி

அம்மிக்கல் அம்மா, இந்த உளுந்து யோசனை எனக்குத் தோன்றியதே இல்லை. காய்கறிப் பான்கேக்குக்கு நாளைக்கே செய்கிறேன்.

யாழ் அடுக்களை

நான் ரொறன்ரோவில் இருக்கிறன். எங்கட பிள்ளைக்கும் முட்டை ஆகாது. நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தாற வட்டிலப்பத்தைப் பார்த்துப் பார்த்து ஏங்கும். அது முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் பனைக் கருப்பட்டி மூன்றும் சேர்ந்து ஆவியில் இறுகுற பதார்த்தம். அக்கா சொன்ன கணக்கில் பார்த்தால், இதில் முட்டைக்கு இறுக வைக்கிற வேலை.

முதலில் அகர் அகர் (கடற்பாசி) மட்டும் போட்டுச் செய்வோம் என்று சொல்லுவார்கள். வேண்டாம். கத்தியால் வெட்டினால் துண்டு துண்டாக உடையும், வாயில் ஜெலி மாதிரி இருக்கும். சோளமாவு மட்டும் போட்டால் களி மாதிரி. இரண்டையும் குறைச்சுச் சேர்த்தால்தான் சரி. கெட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லி, கருப்பட்டி 200 கிராம் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து வடித்தது, சோளமாவு 2 மேசைக்கரண்டி, அகர் அகர் தூள் முக்கால் தேக்கரண்டி, ஏலக்காய், சாதிக்காய். அகரைத் தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதிக்க வைத்துக் கரைக்க வேணும், அரைகுறையாகக் கரைந்தால் இறுகாது. பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் துழாவிக் கொதி வந்ததும் கிண்ணத்தில் ஊற்றினால், அறைச் சூட்டிலேயே இறுகிவிடும். முட்டை வட்டிலப்பத்தில் தெரியிற அந்தச் சின்னச் சின்னத் துளைகள் இதில் வராது. ருசி முழுக்கக் கருப்பட்டியும் சாதிக்காயும்தானே, அது அப்படியே இருக்கும்.

இன்னொரு விசயம். கஸ்டர்ட் பவுடர் கண்டுபிடிக்கப்பட்டதே முட்டை ஒவ்வாமையால்தான். பர்மிங்ஹாமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர், தன் மனைவிக்கு முட்டை ஆகாது என்று 1837இல் சோளமாவில் அதைச் செய்தார். குழந்தைக்குக் கஸ்டர்ட் கொடுக்கலாம், பெட்டியில் என்ன எழுதியிருக்கு என்று மட்டும் பாருங்கோ.

இரட்டைப்பிள்ளை அப்பா

என் பையனுக்கும் இதே ஒவ்வாமை. செய்முறை எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் சைவத்துக்காக முட்டையை விடுவதும் ஒவ்வாமைக்காக விடுவதும் வேறு வேறு. இதை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும்.

பேக்கரியில் "எக்லெஸ்" என்று எழுதியிருந்தால் போதாது. எங்கள் ஊர்க் கடை ஒன்றில் எக்லெஸ் பன் வாங்கிக் கொடுத்தோம். மாவில் முட்டை இல்லைதான், மேலே பளபளப்புக்கு முட்டை தடவியிருந்தார்கள். அன்று இரவு மருத்துவமனையில்தான் கழிந்தது. ஒரே பீட்டர், ஒரே பிரஷ், ஒரே கத்தி எல்லாவற்றுக்கும் ஓடுகிறதா என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள். பரோட்டாக் கடையிலும் கேளுங்கள், பலர் மாவிலேயே முட்டை சேர்த்துப் பிசைவார்கள், கல்லும் முட்டை பரோட்டா போட்ட அதே கல்தான்.

பாக்கெட்டில் முட்டை இருந்தால் இந்திய விதிப்படி அசைவக் குறி இருக்க வேண்டும். இப்போது அது சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். பச்சை வட்டம் பார்த்தால் மட்டும் நிம்மதியாகிவிடாதீர்கள், "முட்டையின் கூறுகள் இருக்கலாம்" என்ற வரி பின்னால் இருக்கிறதா என்று படியுங்கள். ஆல்புமின், ஓவால்புமின், லைசோசைம் என்று கண்டால் விசாரியுங்கள்.

இன்னொன்று, முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பலருக்கு கேக்கில் நன்றாக வெந்த முட்டை ஒத்துக்கொள்ளும் என்று உறவினர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் உங்கள் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை மருத்துவர் முன்னிலையில்தான் பார்க்க வேண்டும். வீட்டில் கொடுத்துப் பார்க்கவே கூடாது.

தினைமாவு

பன் மேல் நிறத்துக்கு என்ன தடவுவது?

அடுமனைக்காரி

பாலில் ஒரு சிட்டிகை சர்க்கரை கரைத்துத் தடவி ஓவனில் வையுங்கள், நிறம் வரும். எடுத்த சூட்டோடு மேலே வெண்ணெய் தடவினால் பளபளப்பும் வரும்.

கல்லூரிச் சாலை

மயோனைஸுக்கு வழி உண்டா? தம்பிக்கு ஷவர்மாவோடு அது இல்லாமல் இறங்காது.

அடுமனைக்காரி

உண்டு, அதுவும் முட்டையைவிடப் பாதுகாப்பானது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸைக் கேரளா 2023 ஜனவரியில் தடுத்தது. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை விதித்தது. பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு, வெளியே சூட்டில் வைத்தால் பெருகும்.

குளிர்ந்த பால் அரை கப், மணமில்லாத எண்ணெய் ஒரு கப், கடுகு விழுது அரை டீஸ்பூன், உப்பு. உயரமான குறுகலான ஜாடியில் எல்லாவற்றையும் ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரை அடியில் அழுத்தி வைத்து ஓட்டுங்கள். அடியில் வெள்ளையாகக் கெட்டிப்படத் தொடங்கிய பிறகே மெல்ல மேலே தூக்க வேண்டும். கடைசியில் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, இன்னும் இறுகும். இங்கே எண்ணெயைப் பிடித்து வைப்பது பாலின் புரதம். பால் ஆகாதவர்கள் சோயா பாலில் செய்யலாம்.

கோவை அடுப்படி

ஆம்லெட்டுக்கு நான் பாசிப்பருப்பை ஊறவைத்து அரைத்து, மஞ்சள்தூள், வெங்காயம், மிளகாய் போட்டு ஊற்றுவேன். தட்டில் எடுத்த பிறகு மேலே ஒரு சிட்டிகை கறுப்பு உப்பு தூவினால் முட்டை வாடை அப்படியே வரும், அதிலுள்ள கந்தகத்தின் வேலை. வேகும்போது போட்டால் வாடை பறந்துவிடும். அமெரிக்காவில் பாட்டிலில் விற்கும் திரவ முட்டை மாற்றும் பாசிப்பயறுப் புரதத்தில்தான் செய்கிறார்கள்.

நெல்லைச்சீமை

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பன்னில் முட்டை தடவுவார்கள் என்பதை நான் யோசித்ததே இல்லை. வீட்டில் பீட்டர், பிரஷ், கேக் டின் எல்லாம் குழந்தைக்குத் தனியாக வாங்கப் போகிறேன்.

இரண்டு சந்தேகம். தயிர்க் கேக் நடுவில் அமுங்காமல் இருக்க என்ன செய்வது? இன்னொன்று, முட்டையை நிறுத்தியதால் குழந்தைக்குப் புரதம் குறையுமா? இந்த மாற்றுகளில் அது கிடைக்குமா?

அடுமனைக்காரி

அமுங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் சோடா கூடியது, அல்லது நடு வேகும் முன் கதவைத் திறந்தது. முட்டை இல்லாத கேக்கில் சுவர் பலவீனம், அதனால் உயரமான சின்ன டின்னில் ஊற்றாமல் அகலமான டின்னில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரும்வரை மட்டும் ஊற்றுங்கள். இரண்டு அடுக்குக் கேக் வேண்டுமென்றால் இரண்டு டின்னில் தனித்தனியாகச் சுட்டு அடுக்குங்கள். முதல் 25 நிமிடம் கதவைத் தொடவே வேண்டாம். முழுக்க ஆறும்வரை கிரீம் போடாதீர்கள், சூட்டோடு வெட்டினால் உதிரும்.

புரதம் இந்த மாற்றுகளில் கிடைக்காது. ஆளி விதைப் பொடி ஒரு ஸ்பூனில் ஒரு கிராமுக்குச் சற்று அதிகம், கடலைத் தண்ணீரில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. முட்டையின் 6 கிராமுக்கு ஈடாக அது வேறு சாப்பாட்டில்தான் வர வேண்டும்.

அம்மிக்கல்

மக்ரூனுக்குத் தண்ணீரை வடித்த பிறகு அந்தக் கொண்டைக்கடலை அப்படியே இருக்குமே மா. தேங்காய்த் துருவல், கடுகு, மாங்காய் போட்டுத் தாளித்து அன்றைக்கு மாலையே குழந்தைக்குக் கொடு. ஃபிரிட்ஜில் ஓர் இரவு இருந்த கடலை, நன்றாகச் சூடாக்கிக் கொடு.